கடைசி ஃபைல்

என் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் உள்ளங்கை அகல ஹார்ட் டிரைவ் ஒன்று தொங்குகிறது. மேலே இரண்டு டெராபைட் என்று பொறித்திருக்கும். அதிர்ஷ்டத்துக்கு மாட்டியிருக்கிறேன் என்று கடைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அது பொய் டிரைவ். மாட்டியவர் என் அக்காவின் கணவர், அத்தான்.

கோலசிலாங்கூரில் நாங்கள் இருவரும் கல்யாண வீடியோ எடுத்தோம். அவர் ஆண்கள் பக்கம். பெண் என்பதால் நான் பெண்கள் பக்கம், எடிட்டிங்கும் நான்தான். அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. பசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அவர் வீட்டுக்கு வந்தும் இன்னொரு தடவை பார்ப்பார். புது டிரைவ் வந்தால் டப்பாவில் இருப்பதைப் படிக்கவே மாட்டார். பழைய கல்யாணங்களைக் கொட்டி நிரப்புவார். இடம் தீரும் நேரத்தில் தானே கேமரா முன் உட்கார்ந்து ஏதாவது பேசி, அதைக் கடைசி ஃபைலாகப் போடுவார். பிடுங்கி, மறுபடி செருகி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பார். சோதனை முடிந்ததும் முதல் வேலையாகத் தன் முகத்தை அழித்துவிடுவார்.

பாசிர் பெனம்பாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாய், மகளின் நிக்காஹ் வீடியோவுக்காக அந்த டிரைவைக் கொண்டுவந்தார். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததாம். மகள் அடுத்த வாரம் லண்டன் போகிறாள். பாயின் மனைவிக்கு உடம்பு முடியவில்லை. அவ்வளவு தூரம் இனிப் போகவே முடியாது. அந்த அம்மா சிரித்தபடி மகளுக்கு மருதாணி வைக்கும் காட்சி பெண்கள் பக்கத்தில் இருந்தது. மகள் கேட்டது அதைத்தான். ஆனால் வீட்டுப் பெண்கள் இருக்கும் படம் கடையில் தங்கக் கூடாது, டிரைவில் ஏற்றியதும் தன் கண் முன்னால் அழித்துவிட வேண்டும் என்றார் பாய். அது அவர்கள் வீட்டு வழக்கம். நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

ஏற்றினோம். முதல் ஃபைல், ஆண்கள் பக்கம், பளிச்சென்று ஓடியது.

"ஓடுதுல்ல? அழிச்சிடுங்க தம்பி" என்றார் பாய்.

"டிரைவ நெரப்பிப் பாக்காம அழிக்க மாட்டேன் பாய்" என்றார் அத்தான்.

"எங்கயோ ஒரு காப்பி வைக்கப் பாக்குறீங்க லா."

அத்தானின் முகம் சிவந்துவிட்டது. எனக்கும் கோபம்தான். ஆனாலும் ஒரு நொடி எனக்கே அத்தான்மேல் சந்தேகம் வந்தது, நம் கடையில் விற்கும் டிரைவைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்று.

நிரப்பி முடிக்கச் சாயங்காலமாயிற்று. பாய் நாற்காலியை விட்டு எழவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. மறுபடி செருகியபோது பெண்கள் பக்கத்துக்குப் பெயர் இருந்தது, அளவு இருந்தது, திறக்கவில்லை. அத்தான் மூடியை நெம்பினார். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு, கனம் காட்ட ஓர் இரும்புத் துண்டு. அந்தக் கார்டில் பிடிக்காததெல்லாம் வெறும் பெயராகத்தான் பதிந்திருந்தது.

"அழிச்சிருந்தா..." என்ற பாய் அந்த இரும்புத் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் பாயே நல்ல டிரைவ் வாங்கிவந்தார். அதே சோதனை. இந்தத் தடவை எல்லாம் ஓடின. கடைக் காப்பியை அவர் முன்னால் அழித்தோம். அத்தான் வழக்கம்போல் தன் முகத்தை அழிக்கப் போனபோது பாய் கையைப் பிடித்தார்.

"அது இருக்கட்டும் தம்பி. நாளைக்கு ஓடலேன்னா, நல்ல டிரைவுன்னு சொன்னது நீங்கதான்னு காட்டணும்ல."

"என்னையே மிஞ்சிட்டீங்க பாய்" என்று அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

போன வருடம் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். கருமாதிக்கு முன்னால் அவர் இருக்கும் ஒரு வீடியோவைத் தேடினோம். ஊரார் கல்யாணமெல்லாம் இருந்தது, கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எதிலும் இல்லை. குரலாவது கிடைக்காதா என்று அக்கா அழுதாள். துக்கம் விசாரிக்க வந்திருந்த பாய் எழுந்து வெளியே போய் மகளுக்குப் போன் போட்டார்.

மறுநாள் லண்டனிலிருந்து அந்தக் கடைசி ஃபைல் வந்தது. கடை ஸ்டூலில் அத்தான் உட்கார்ந்திருக்கிறார். "ஓடுதாம்மா? ஒரு தடவ ஓடுனத நம்பாத. மறுபடி போட்டுப் பாரு" என்கிறார். அக்கா மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள்.

அதைப் பத்திரப்படுத்தப் புது டிரைவ் வாங்கினேன். ஆணியில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே பழைய கல்யாணங்களைக் கொட்டி நிரப்பினேன். அத்தானைக் கடைசி ஃபைலாகப் போட்டேன். பிடுங்கி, செருகி, கடைசிவரை ஓடவிட்டேன். சோதனை முடிந்ததும் கல்யாணங்களையெல்லாம் அழித்தேன். அந்த முகத்தை மட்டும் விட்டுவிட்டேன்.