மூக்கில் வைத்த பொட்டு

என் மூக்கு என் நெற்றித் தோலால் செய்தது. கேட்பவர்களுக்கு ஒளிப்பதில்லை. கேட்காமல் முறைத்துப் பார்ப்பவர்களுக்கு நானே கூப்பிட்டுச் சொல்வேன்.

கடித்தது ஐயா வளர்த்த நாய். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது பத்து வயது. நாய் குட்டி போட்டிருந்தது. ஒன்றைத் தூக்கலாமா என்று கேட்டேன். புகையிலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஐயா, அது கடியாது, தூக்கு என்றார். மூக்கின் நுனியும் ஒரு பக்கமும் போய்விட்டன.

காயம் ஆறியபின் சண்டிலிப்பாயிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டொக்டர் நெற்றியில் ஒரு துண்டுத் தோலை வெட்டி, புருவத்தடியில் மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்கில் தைத்தார். மூன்று கிழமை அது இரண்டு கண்ணுக்கும் நடுவில் தும்பிக்கை மாதிரி நின்றது. பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பிள்ளையார் என்று கூப்பிட்டாள். அப்படியென்றால் மோதகம் கொண்டுவா என்றேன். மூக்கில் ஈ குந்தினால் எனக்கு நெற்றி அரித்தது. தாதி நம்பவில்லை. என் கண்ணைப் பொத்திவிட்டு மூக்கைப் பஞ்சால் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேட்டார். நெற்றி என்றேன். அதன்பிறகு வருகிற தாதிமார் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அழுதேன்தான், ஆனால் ஊசிக்கு மட்டும்.

பிறகு, மூக்கில் ஒட்டியதை விட்டுவிட்டு, நடுவில் நின்ற தும்பிக்கையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். நெற்றிக் காயத்தில் தொடைத்தோலை ஒட்டினார்கள். அது இறுகும்வரை நெற்றியில் திருநீறோ பொட்டோ வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அக்கா பெரியவளாகி, சாமத்தியவீடு வந்தது. வாசல் படலையில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பது தங்கச்சி. அதாவது நான். புதுப் பாவாடை கட்டி, செம்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். ஐயாவின் தமக்கை, பெரிய மாமி, மறித்தார். சடங்கு வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம்.

"நல்ல காரியத்திலை பொட்டில்லாத பிள்ளையைப் படலையடியிலை விடேலாது. உள்ளுக்கை இருக்கட்டும்."

பொட்டு ஒரு சாட்டு. மாமிக்கு மறைக்க வேண்டியிருந்தது என் மூக்கை. பத்து வயதிலும் அது விளங்கியது. உள்ளே போனால் இனி எந்த வீட்டுக் கொண்டாட்டத்திலும் எனக்கு இடம் அடுப்படிதான் என்பதும் விளங்கியது. சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு மூக்கின் நடுவில் வைத்தேன்.

"டொக்டர் என்ரை நெத்தியை இஞ்சைதான் வைச்சவர், மாமி. பொட்டும் இஞ்சைதான்."

"உவளின்ரை வாய்க்கும் ரண்டு தையல் போட்டிருக்கலாம்" என்றார் மாமி. அம்மா வந்து என் நாடியைப் பிடித்து, கோணலாக இருந்த சந்தனத்தை வட்டமாக்கி, அதன் நடுவில் குங்குமத்தை வைத்து, "போய் நில்" என்றார்.

நின்றேன். ஒருதரம்கூடத் தலை குனியவில்லை. வந்தவர்கள்தான் குனிந்தார்கள், பன்னீருக்காக. சிலர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தேன்.

கொழும்பிலிருந்து வந்த நாள் தொட்டு ஐயா என் காலைப் பார்த்துத்தான் என்னோடு கதைப்பார். அன்று, பந்தலில் நிற்க வேண்டிய மனுசன் படலைக்கு வெளியே ஒழுங்கைக்குப் போய், வந்த ஆட்களோடு ஆளாகப் படலைக்குள் வந்து என் முன்னால் குனிந்தார். தெளித்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தார். மூன்றாம் முறை வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஐயா, உங்களுக்குத் தெளிச்சாச்சு. மற்ற ஆக்களுக்குக் காணாது."

அவர் என் முகத்தை நேரே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"காய்ஞ்சு போச்சு பிள்ளை. இன்னும் கொஞ்சம் தெளி."

பன்னீரில் இந்த மனுசனுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். அவர் நாலாம் முறையும் ஒழுங்கைப் பக்கம் போவதைக் கண்டதும், செம்பைப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.