உச்சி தெரியாத தண்ணீர்

படிக்கட்டில் என் கையை அக்கா தட்டிவிட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இலங்கையின் தென்கரையில், பாறை மேல் ஏறிப்போகும் ஈரப் படிகள். அவள் ஏற்கெனவே தடுக்கியிருந்தாள். பிடித்துக்கொள்ளச் சொன்னால், "நான் என்ன கெழவியா? நீ முன்னால போ, வாரேன்" என்றாள்.

அக்கா திருமங்கலத்தில் ஒரு மிஷன் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடல் பாறையை அடியில் அரித்துக் குகையாக்கும், குகையின் கூரையில் ஓட்டை விழும், அலை உள்ளே மோதும்போது அந்த ஓட்டை வழியே தண்ணீர் பீறிட்டுக் கிளம்பும், அதற்கு ஊதுதுளை என்று பெயர். இதைக் கடலே பார்க்காத பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே காலம் கழித்தவள். ஓய்வு பெற்றதும் அதை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று என்னை நச்சரிக்கத் தொடங்கினாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றால், "இப்பப் போகலேன்னா எப்பப் போறது?" என்பாள்.

பயணம் முழுவதும் மல்லுக்கட்டுதான். மதுரை விமான நிலையத்தில் யாரோ ஒருவரின் பெட்டியில் இடித்துக்கொண்டு அவரையே திட்டினாள். கொழும்பில் கைக்கருகில் வைத்த தேநீரைத் தட்டிவிட்டு, இப்படியா வைப்பார்கள் என்று கடைக்காரரிடம் சண்டை. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டே எனக்கு அலுத்துவிட்டது.

மேலே போனால் கடல் அசையாமல் கிடந்தது. வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கினார்கள். வேன் ஓட்டுநர் கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கா நகரவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி பாறைப் பிளவையே முறைத்துக்கொண்டு நின்றாள். நான் வெறுத்துப்போய்த் திரும்பிய நேரத்தில் காலடியில் ஏதோ உறுமியது. பிளவிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் எழும்பி, உயரத்தில் ஒரு கணம் நின்று, எங்கள் மேல் கொட்டியது.

முகத்தைக்கூடத் துடைக்காமல் கேட்டாள், "எம்புட்டு உசரம்டா போச்சு?"

"நீயுந்தானக்கா பாத்த?"

"கீழ கெளம்பினது தெரிஞ்சுச்சு. உச்சி தெரியல." கம்பியை விடாமலே சொன்னாள்: "ரொம்ப நாளாவே நேரா இருக்கறது மட்டுந்தான் தெரியுது. சுத்தி எல்லாம் மங்கல். சொன்னா ஆஸ்பத்திரி, மருந்துன்னு வீட்டோட உக்கார வச்சிருவீங்க."

இந்தக் கண்ணோடு வழுக்குப் பாறையில் ஏறியிருக்கிறாள். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. அவளோ பதிலுக்காகக் காத்து நின்றாள். "ஒரு தென்ன உசரம் இருக்கும்" என்றேன். கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். இறங்கும்போது அவளிடம் கேட்காமலே கையைப் பிடித்தேன். இறுக்கிப் பிடிக்கிறேன் என்று வேன் வரை குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊர் திரும்பியதும் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கண்ணழுத்த நோய். போன பார்வை வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்தச் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடவைப்பது இன்றைக்கும் பெரும்பாடு.

யார் வீட்டுக்கு வந்தாலும் ஊதுதுளைக் கதையை ஆரம்பித்துவிடுகிறாள். நேற்று சோழவந்தானிலிருந்து ஒரு பழைய மாணவி வந்திருந்தாள். தண்ணீர் ரெண்டு தென்னை உசரம் போனது என்று அக்கா கை தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தென்னைதான் என்று நான் திருத்தினேன்.

"அவன் சரியாப் பாக்கலம்மா," என்றாள் அக்கா அந்தப் பெண்ணிடம்.