ஒரு பவுணுக்குக் குறைந்த இரும்பு

வேகமாகப் போகிற அம்புதான் கொல்லும் என்று நான் நம்பியிருந்தேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு காலை ஷிப்டில் தபால் பிரித்துக்கொண்டு நின்றபோது நானே கண்டுபிடித்தேன். முனையின் பாரம் குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் ஆழம் போகும், ஆழம் போனால் பன்றி விழும். பன்றியின் அபிப்பிராயத்தை மட்டும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. லண்டனின் தெற்கு ஓரத்தில், சட்டனில் குடியிருந்தேன். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி, கடிதம் விநியோகிக்கிறவள், ஏறத்தாழ என் வயது, ஒரு வில் சங்கத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு காட்டுத் துண்டில் ரப்பர் மான், ரப்பர் கரடி, ரப்பர் பன்றி என்று நிறுத்திவைத்து எய்வார்கள். சில்லும் கண்ணாடியும் பூட்டிய நவீன வில் இல்லை. வெறும் மரவில், இறகு கட்டிய மர அம்பு. பகிடி பார்க்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

இங்கிலாந்தில் உயிருள்ளதை அம்பால் எய்யச் சட்டம் விடாது. பிரான்சில் விடும். அதனால் அவளும் இன்னும் இரண்டொருவரும் வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு காட்டுக்குப் போய் வருவார்கள். அந்த முறை என்னையும் வரச்சொல்லிக் கேட்டாள். நான் சரி என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

ஸ்ட்ரெதமில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விழா. கையில் கிளாஸ். பன்றி வேட்டைக்குப் போகிறேன் என்று மைக்கில் அறிவித்தேன். அந்த மண்டபத்தில் உண்மையாகப் பன்றி கொன்றவன் ஒருவன்தான் இருந்தான், என் மனைவியின் தம்பி. வன்னியில் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் பசிக்குக் கம்பிச் சுருக்கு வைத்தவன். சுருக்கில் மாட்டிய பன்றி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கம்பி எலும்புவரை இறங்கி, அவன் போய்ப் பார்த்தபோதும் உயிரோடு நின்றதாம். அதைப் பார்த்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தானாம். ஒருநாள் எங்கள் குசினியில் வைத்து எனக்கு மட்டும் சொன்ன கதை.

அந்தக் கதையைத்தான் அன்றைக்கு எடுத்தேன். மைக் வயரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, உறுமிக்கொண்டு, மண்டபத்தின் தூணை மூன்று தரம் வலம் வந்தேன். சனம் மேசையில் தட்டிச் சிரித்தது.

"இது காட்டான் வேலை," என்றேன். "நான் அடிச்சால் ஒரே அம்பு. பண்டிக்குத் தான் செத்ததே தெரியாது."

மச்சான் கடதாசித் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தான். பிறகு என்னிடம் வந்தான். கடைச் சாமான் எடுக்க மாதாமாதம் பாரிசுக்கு வான் ஓட்டுகிறவன் அவன்.

"அப்ப நானும் வாறன், அத்தான். வானை நான் ஓட்டுறன். அந்த ஒரு அம்பைப் பாக்கவேணும்."

பதற்றம் பாதி, பயம் பாதியான பதகளிப்பு எனக்குள் குடிவந்தது அந்த நிமிஷத்தில்தான்.

வேட்டைக்கு வருகிறவன் இருபது யார், அதாவது அறுபது அடி, தூரத்தில் ஆறு அம்புகளைக் கடதாசித் தட்டு அகலத்துக்குள் இறக்கிக் காட்டவேண்டும் என்பது அந்த வெள்ளைக்காரி விதித்த விதி. அதற்கு முதல், முனையின் பாரத்தைத் தீர்மானிக்கவேண்டும். பெட்டியில் கிறெயின் என்று ஏதோ ஒரு அளவு எழுதியிருந்தது. எனக்கு விளங்கவில்லை. அவள் இரண்டு முனைகளை என் இரண்டு உள்ளங்கைகளில் வைத்தாள். உடனே பிடிபட்டது. கலியாணம் கட்டின யாழ்ப்பாணத்தான் கைக்கு ஒரு தங்கப் பவுண் என்ன பாரம் என்று தெரியாமல் இருக்குமா?

சந்தேகம் தீர, மனைவியின் காப்பைத் திருத்தப் போன சாட்டில் வெம்பிளி நகைக்கடைத் தராசில் அவற்றை வைக்கச் சொன்னேன். லேசானது ஒரு பவுணுக்குக் குறைவு. கனமானது ஒன்றரைப் பவுணுக்கு மேல். கடைக்காரர் அந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஆருக்குக் கட்டப் போறியள், அண்ணை?"

பண்டிக்கு என்றேன். அவர் தராசுத் தட்டைத் துணியால் நெடுநேரம் துடைத்தார். மனைவி கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

கனமான முனையோடு நான் எய்த முதல் அம்பு ரப்பர் பன்றிக்கு முன்னால் நிலத்தில் குத்தியது. இரண்டாவது அதன் வயிற்றில். மூன்றாவது வலப்பக்கம் ஓடி எவருக்கும் சொந்தமில்லாத பற்றைக்குள் போனது. முன்பாரம் கூடினால் தண்டு அதிகமாக வளையும், இதற்கு லேசில் வளையாத இறுக்கமான தண்டு வேண்டும், அம்பு தாழ்ந்துபோகிற அளவைக் கண் பழக இரண்டு மாதமாவது வேண்டும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். எனக்கு மூன்று கிழமைதான் இருந்தது. லேசான முனையைப் பூட்டினேன். ஆறு அம்பும் தட்டுக்குள். நான் ரப்பர் பன்றியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ரப்பருக்கு வலிக்காது. நீ எதைப் பூட்டினாலும் அதற்குச் சரிதான்," என்றாள். உண்மையான ஆண் பன்றியின் தோளில் விரல் தடிப்புக்கு ஒரு கவசத் தோல் இருக்கிறதாம். லேசான முனை அதில் நின்றுவிடும். கனமானது தவறினாலும் தவறட்டும், பன்றி வீட்டுக்குப் போகும், லேசானது பட்டால்தான் பாவம் என்றாள். தன் கையால் தீட்டிய மூன்று கனமான முனைகளை இறுக்கமான தண்டுகளில் பூட்டித் தந்தாள்.

அவற்றோடு பழகினேன். ஐந்துக்கு ஒன்று தவறியது. அந்த ஒன்றைத்தான் நான் நாள் முழுக்கக் கண்டேன். கடிதம் பிரிக்கும்போது கண்டேன், சோறு தின்னும்போது கண்டேன். அம்பு பன்றியைத் தாண்டிப் போகிறது, மச்சான் வானில் சாய்ந்துகொண்டு நிற்கிறான், ஸ்ட்ரெதம் மண்டபம் முழுக்க மேசையில் தட்டுகிறது. என் பயமெல்லாம் தவறிவிடுமோ என்பதுதான். அரைகுறையாகப் பட்டுவிடுமோ என்று ஒரு தரமும் பயப்படவில்லை. அரைகுறையாகப் பட்டால் சிரிக்கப்போவது யார்?

புறப்பட்ட அன்று மத்தியானம் லேசான முனை பூட்டிய அம்புகளை அம்புக்கூட்டில் அடுக்கினேன். அவள் தந்த மூன்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

மறுநாள் பிரான்சில், காட்டில் இறங்கியதும் அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "கனமானதுதானே?"

தலையாட்டினேன். அம்புக்கூட்டின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

மரத்தில் சாத்திய ஏணி ஆசனம் ஒன்றில் என்னை ஏற்றிவிட்டார்கள். பின்னேரம் பன்றி தனியாக வந்தது. பதினைந்து யார் தூரம்கூட இல்லை. நாணை விட்டேன். அம்பு அவ்வளவு அழகாய், அவ்வளவு வேகமாய், நேராய்ப் போனது. நெஞ்சுக்குக் குறிவைத்தது நாலு விரல் முன்னுக்குப் போய்த் தோளில் பட்டது. நனைந்த பலகையில் ஆணி அடித்த மாதிரி ஒரு சத்தம். பன்றி கத்திக்கொண்டு ஓடியது. அம்பின் பெரும்பகுதி வெளியே நின்று ஆடியது. நான் சிரித்தேன். பதகளிப்பில் எனக்கு வரத்தெரிந்தது அது ஒன்றுதான்.

அவள் வந்தாள். என் கூட்டிலிருந்து ஒரு அம்பை உருவி, முனையைப் பெருவிரலால் தடவினாள்.

"தெரிந்துதான் செய்தாய்," என்றாள். அந்தப் பயணம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

அந்தக் காட்டின் சொந்தக்காரர் தன் இரண்டு நாய்களைக் கொண்டுவந்தார். மச்சானும் வானை விட்டு இறங்கி வந்தான். தடம் பார்ப்பதில் அவன் நாய்களுக்குச் சளைத்தவன் இல்லை. பன்றி அம்பைக் கழற்றப் பார்த்து மரம் மரமாய்த் தோளை உரசியிருந்த இடங்களை அவன்தான் காட்டினான். ஒவ்வொரு மரத்திலும் ஒரே உயரத்தில் இரத்தம். ஓரிடத்தில் தண்டு முள்ளுக்கொடியில் மாட்டி முறிந்து தொங்கியது. அதைச் சுற்றி மண் வட்டமாய் உழுதிருந்தது. அவன் நின்றான்.

"இஞ்சை சுத்தியிருக்குது, அத்தான்," என்றான். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் அண்டைக்கு மண்டபத்திலை தூணைச் சுத்தினியளே. அப்பிடித்தான்."

பன்றி ஒரு பள்ளத்தில் குந்தியிருந்தது. நாய்கள் இரண்டும் அதைக் கவ்விக்கொண்டு நின்றன. காட்டுக்காரரால் சுட முடியவில்லை, சுட்டால் நாய்க்குப் படும். இடுப்புக் கத்தியை உருவி எங்கள் பக்கம் நீட்டினார். எய்தவன் நான்தான் என்பதால் என்னிடம்தான் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மச்சான் வாங்கிக்கொண்டு இறங்கினான்.

நான் எய்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முனை இரண்டு விரற்கடை இறங்கி, வளைந்து, எலும்புக்கு வெளியே நின்றிருந்தது. பன்றியைக் கொன்றவன் மச்சான். கத்தியால், ஒரே குத்தில்.