பத்தடி ஏற நூற்றிருபது அடி

ஸுஹைனாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். எனக்கு இருபது வயது இளையவள். நான் மனையியல் ஸாலிஹா. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு அதிபரோடும் வாய்ச்சண்டை பிடித்து வருகிறவள். எனக்கே அவளுடைய பயம் தொற்றிக்கொண்ட கதை இது.

பிறவியிலேயே அவளுக்கு இரண்டு காலிலும் வலுவில்லை. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். காத்தான்குடிக் கடற்கரையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். சுனாமி வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஊரே ஓடியது. அவளுடைய லாத்தா நிஸ்றா மட்டும் தங்கச்சியைத் தூக்கத் திரும்பி வந்தாள். தூக்கி ஒரு மதிலில் ஏற்றிவைத்தாள். மதிலில் இருந்தவள் தப்பினாள், ஏற்றிவைத்தவள் தப்பவில்லை. கடலுக்குப் பயந்த ஆட்கள் இங்கே நிறைய உண்டு. ஸுஹைனாவின் பயம் வேறு. தன்னைத் தூக்க இன்னும் யாராவது நின்றுவிடுவார்களோ என்பதுதான் அது.

கடல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் மேல்மாடிக்கு ஏற வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. முதல் ஒத்திகை நடந்தபோது அவளுடைய வகுப்பு கீழே இருந்தது. மணி அடித்ததும் மூன்று பிள்ளைகள் அவளைத் தூக்கப்போகிறோம் என்று படிக்கட்டின் அடியில் நின்றுவிட்டார்கள். பின்னால் இருநூறு பேர். படிக்கட்டின் அகலமோ மூன்றடி எட்டு அங்குலம். நெரிசலில் ஒரு பிள்ளை விழுந்து காறை எலும்பு உடைந்தது. அது வெறும் ஒத்திகை.

அடுத்த கிழமை ஸுஹைனா, தன் வகுப்பை மேல்மாடிக்கு மாற்றச் சொல்லி அதிபரிடம் கேட்டாள்.

"எப்பிடிப் புள்ள ஏறுவாய்?" என்றேன்.

"புள்ளைகள் வர முந்தி ஏறிருவன் டீச்சர். கடல் வந்தா நான் மேலதான இருப்பன், ஒருத்தரும் எனக்காக நிக்கத் தேவல்ல."

ஏறினாள். காலை ஆறரைக்கு வந்து, படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறுவாள். பதினெட்டுப் படி. ஏழாவது படி மற்றவற்றை விட உயரம் என்று கட்டிய மேசனுக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும். கீழே ஒரு சக்கர நாற்காலி, மேலே இன்னொன்று. கழிவறை கீழே இருந்ததால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள். "உனக்கென்ன விசரா?" என்று ஏசினேன். சிரித்து மழுப்பினாள்.

சும்மாவும் இருக்கவில்லை. மேல்மாடி வரை ஒரு சாய்வுப்பாதையைச் சதுரக்கோட்டுத் தாளில் வரைந்தாள். ஓர் அடி உயரப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பத்தடி உயர நூற்றிருபது அடி. நாலு மடிப்பாக மடித்தால் சைக்கிள் கொட்டில் இருக்கிற இடத்துக்குள் அடங்கும். கல்வி அலுவலகத்திலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிஸ்தார் வந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கில ஒரு பிழையுமில்ல டீச்சர். அடுத்த கட்டத்தில பாப்பம்," என்றார். ஏற்கெனவே ஒரு சாய்வுப்பாதை கட்டியாயிற்றே என்றும் சொன்னார். கட்டியிருந்தார்கள்தான், முன் விறாந்தைக்கு, தோணி இழுத்து ஏற்றுகிற சரிவில். அதன் உச்சியில் ஒரு வாசற்படி வேறு.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, கீழேயுள்ள விஞ்ஞான ஆய்வுகூடத்தில் திரைச்சீலை பற்றிக்கொண்டது. புகை நேரே படிக்கட்டுக்குள் ஏறியது. மணியை விடாமல் அடித்தார்கள். இந்த முறை எல்லாரும் இறங்க வேண்டும். கடலை நினைத்து மேலே போனவள் மேலேயே இருந்தாள்.

மேல்மாடிப் பிள்ளைகள் இருமிக்கொண்டு இறங்கினார்கள். நான் மைதானத்தில் நின்று எண்ணினேன். ஸுஹைனாவின் வகுப்பில் நாலு பேர் குறைந்தார்கள். திரும்ப எண்ணினேன். நாலு பேர்தான். அல்லாஹ்வே என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் ஏறினேன்.

வகுப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டு, ஒருவரும் தன்னைத் தூக்க வரக்கூடாதென்று அவளேதான் பூட்டியிருந்தாள். எல்லாரும் போய்விட்டார்கள் என்று உள்ளே நம்பிக்கொண்டிருந்தாள். வெளியே நாலு பேரும் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எழும்புங்கடி!" என்று கத்தினேன்.

"டீச்சர் திறக்கட்டும்," என்றாள் நாலு பேரில் ஒருத்தியான முப்லிஹா. கண்ணால் தண்ணீர் ஓடியது. "திறந்தாத்தான் போவம்."

நான் கதவில் அடித்தேன். "ஸுஹைனா! நாலு புள்ளைகள் இஞ்ச இருக்குதுகள், போகல்ல!"

தாழ் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அவளுடைய முகத்தில் இருந்த பயத்தை நான் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை.

"தூக்குங்க," என்றாள். "சுறுக்கா தூக்குங்க."

படிக்கட்டின் வளைவில் உடைந்த மேசைகளை அடுக்கியிருந்தார்கள். சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகள் அவளைக் கையில் ஏந்தி இறங்கினார்கள். இறங்கும் வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் மணல் வாளியால் நெருப்பை அணைத்துவிட்டார்கள். எரிந்தது ஒரு திரைச்சீலை மட்டும். பின்னேரமே எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அதிபர் எங்கள் இருவரையும் அழைத்தார். நாலு பிள்ளைகளுக்கும் துணிச்சலுக்கான சான்றிதழ் அச்சடித்து வைத்திருந்தார். காலைக் கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால், ஸுஹைனாவின் கையாலேயே கொடுக்க வேண்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"குடுக்காதீங்க சேர்," என்றாள் ஸுஹைனா. "மேடையில ஏத்திப் பரிசு குடுத்தீங்கெண்டா, அடுத்த முறை நாப்பது பேர் நிப்பாங்க. எனக்கு அந்தப் பாதையக் கட்டித் தாங்க."

அதிபர் சான்றிதழ்களை மேசை லாச்சிக்குள் வைத்தார். மைதானத்தில் எண்ணியதுபோல நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவளுடைய வகுப்பில் மொத்தமே நாற்பது பேர்தான்.