பத்து நாள் அவகாசம்

வெர்னா ஹோல்கம், நகராட்சி விலங்குக் காப்பகத்தில் கூண்டு கழுவும் வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் கோழி அறுக்கும் ஆலையில் பன்னிரண்டு வருடம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், "அங்க எதுக்கும் பேர் கிடையாது" என்பாள். டெக்சஸின் அந்த ஊரில் நாய்களுக்குப் பஞ்சமில்லை, கூண்டுகளுக்குத்தான் பஞ்சம். இடம் நிறைந்துவிட்டால், மறுநாள் காலை கொல்வதற்காக ஊசி போடப்படும் நாய்களின் பட்டியல் மதியமே சுவருக்கு வந்துவிடும்.

அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை நாய்களை நீக்க முடியும் என்று பார்ப்பதுதான் 'இரண்டாம் வாசல்' என்ற தொண்டு அமைப்பின் வேலை. நாய்களைப் படமெடுத்துப் பரப்புவார்கள். மருந்து வாங்கித் தருவார்கள். சனிக்கிழமைகளில் வாசலில் நின்று தீனி மூட்டை கொடுப்பார்கள். வளர்க்க வழியில்லாமல் நாயை விட வந்தவர்களில் சிலர், மூட்டையும் நாயுமாக வீடு திரும்புவார்கள். மாதம் நாற்பது நாய்களாவது அவர்களுடைய வேனில் ஏறி வடக்கே போய்ப் புது வீடு சேரும். வெர்னா அவர்களைப் புகழ்ந்ததில்லை. மிச்ச நாய்களை ஊசிக்குப் பிடித்துக்கொள்பவள் அவள்.

வேன் ஓட்டுகிறவன் கார்விஸ். பக்கத்து மாநிலத்திலிருந்து சென்ற வசந்தத்தில் வந்தவன். வந்ததிலிருந்து அவளோடு வம்புதான்.

"மிஸ் வெர்னா, உங்க காபியைக் குடிச்சா நாயே செத்துடும்ங்க."

"ஊசி மிச்சம். குடி."

அந்த வியாழக்கிழமைப் பட்டியலில் ஏழு நாய்கள் இருந்தன. ஆறுக்கு வேனில் இடம் கிடைத்தது. ஏழாவது, தெருவில் பிடிபட்ட, இடுப்பு தேய்ந்த செம்பட்டைக் கிழட்டுப் பெண்நாய். அதை எடுத்துக்கொள்ள ஒரு குடும்பம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அவர்களால் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். அதுவரை வைத்துக்கொள்ள, அமைப்புக்காக நாய்களைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இடமில்லை. கார்விஸின் வாடகை வீட்டில் நாய்க்கு அனுமதியில்லை. வெர்னா வீட்டில் ஏற்கெனவே நான்கு. நகராட்சி அதற்கு மேல் விடாது.

நான்கரை மணிக்கு முன்மேசையிலிருந்து வெர்னாவைக் கூப்பிட்டார்கள். கார்விஸ் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். செம்பட்டை கடித்துவிட்டதாம். மேசைப் பெண் அதற்குள் பதிவு செய்து மேலாளருக்கும் அனுப்பிவிட்டாள்.

வெர்னா அவனைக் கூண்டு வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "கையைக் காட்டு."

நேர்கோட்டில் ஒரு கீறல். கூண்டுக் கம்பியின் முனை அப்படித்தான் கிழிக்கும். அவள் கையிலேயே அதுபோல் பத்துத் தழும்பு உண்டு.

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"கடிச்ச நாயைப் பத்து நாள் தனியா வச்சுப் பாக்கணும்ல, வெறி இருக்கானு? அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடும். எங்க ஊர்ல இப்படி எத்தனை நாயைக் காப்பாத்தியிருக்கோம் தெரியுமா?"

"உங்க ஊர்ல. இங்க அந்தப் பத்து நாள் சொந்தக்காரங்க இருக்கற நாய்க்குத்தான். தெருநாய் கடிச்சா அன்னிக்கே ஊசி. தலையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க."

நல்லெண்ணம் விதிகளைப் படித்துவிட்டு வருவதில்லை.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். பொய்னு சொல்லிடறேன், மிஸ் வெர்னா."

"சொல்லு. கடிச்சதா பொய்ப் புகார் கொடுத்தா உங்க அமைப்புக்கு ஒரு வருஷம் உள்ள நுழைய அனுமதி கிடையாது. நீ கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு. ஒரு வருஷத்துக்கு எத்தனை நாய்னு நீயே கணக்குப் போடு."

அவன் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே நாய் எழுந்து, பின்கால் இழுபட, அவன் விரல்களை முகர வந்தது.

வெர்னாவால் அவனைத் தாண்டிப் போய் மேலாளரிடம் சொல்ல முடியும். நாய்க்குக் காலைவரை உயிர் இருக்கும், அதற்குள் எங்காவது இடம் கிடைக்கலாம். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. எது அதிகம் என்று மட்டும் தெரிந்தது.

"எந்திரி. அந்த ஆறையும் ஏத்து."

"நான் இதுகூட இருக்கறேனே. கடைசி வரைக்கும்."

"வேணாம். அந்த ரூம்ல நீ வாயைத் திறந்துடுவ. போ, கண்ணு."

அவன் போனான். வெர்னா நாயை இரு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே சென்று எஃகு மேசையில் வைத்தாள். அதன் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். வெளியே வேன் கிளம்பும் சத்தமும் ஆறு நாய்களின் குரைப்பும் கேட்டன.

மருத்துவர் படிவத்தைப் புரட்டினார். "கடிச்சது இதுதானே?"

"இதுதான்," என்றாள் வெர்னா.