யாரும் காவல் இருக்காத ஆள்

ஓர் அடிதடி வழக்கில் பதினோரு மாதம் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தேன். வெளியே எண்ணூர் பக்கம் டிரெய்லர் ஓட்டுகிறவன். உள்ளே ஓர் ஆளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அவர் புதிதாக வந்தவர், என்னைவிட மூத்தவர். சண்டையில் சொந்தத் தம்பியை அடித்துவிட்டார். தம்பிக்கு நினைவு திரும்பவில்லை. இவர் சாப்பிடவில்லை, பேசவில்லை.

“ஏதாச்சும் பண்ணிக்கப் போறாரு. கூடவே இரு,” என்றார் வார்டர்.

கூடவே இருந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், “துன்னியாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நான் குளிக்கப் போகும்போது எனக்குப் பதிலாக உட்காருகிறவர் ராயபுரத்துக்காரர். விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். எங்கள் பிளாக்கையே சிரிக்க வைப்பவர். “போய்ட்டு வா மாமு, உன் மாப்ளய நான் பாத்துக்கறேன்,” என்பார். தன் பிஸ்கட்டை அண்ணன் கையில் திணிப்பார். ஒருநாள் அண்ணன் லேசாகச் சிரித்தார். ஓடிப்போய் வார்டரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் மெக்கானிக் செத்துப்போனார். தற்கொலை. எப்படி என்று எழுதப் போவதில்லை.

எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பொங்கல் வந்தது. சாப்பிட்டேன். உப்பு கம்மி என்று தோன்றியது. அழுகை வரவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மனைவி மனு போட்டுப் பார்க்க வரவில்லை. வாய்தா மறுபடி தள்ளிப்போனது. என் வாய்தாவும் அதே வாரம்தான் தள்ளிப்போனது. நான் இருக்கிறேன்.

ஜாமீனில் வந்து மறுபடி வண்டியில் ஏறிவிட்டேன். போன வருடம் காசிமேட்டில் அந்த அண்ணனைப் பார்த்தேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். தம்பி பிழைத்துவிட்டானாம். டீ குடிக்கும்போது கேட்டேன்.

“அப்போ நெஜமாவே செத்துர்லாம்னு நெனச்சியாண்ணே?”

“நெனச்சேன். நீ எங்க உட்டே? துன்னியா துன்னியான்னு ஒரே பேஜாரு. சரி, இன்னிக்கு வேணாம்னு ஒரு நாளு. அப்பால இன்னொரு நாளு. அப்டியே போச்சு.” டம்ளரைக் கீழே வைத்தார். “அந்த மெக்கானிக்க யாருபா கேட்டாங்க?”

நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுகூட அன்றைக்குத் தோன்றியதில்லை.

அங்கிருந்து இருவரும் ராயபுரத்தில் மெக்கானிக் வீட்டுக்குப் போனோம். உள்ளே அவரோடு இருந்தவர்கள் என்று சொன்னதும் அவர் மனைவி நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“அங்க எப்டி இருந்தாரு?”

“எல்லாரையும் சிரிக்க வெச்சிகினு இருந்தாருக்கா.”

“வூட்லயும் அப்டிதான். மனசுல இன்னா கீதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.” வாசலைப் பார்த்தார். “எனக்குக் கோவம். ஆறட்டும், அப்பால போய்ப் பாக்கலாம்னு இருந்தேன். அதனாலதானா?”

“அது ஒண்ணு மட்டும் இருக்காதுக்கா,” என்றேன்.

தெரிந்து சொல்லவில்லை. ஆனால் ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யும் இல்லை. அத்தனை பேர் சொன்ன காரணங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுக்கும் வெளியே அந்த மனிதர் நிற்கிறார்.

அக்கா தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தோம். அண்ணனுக்கு மத்தியானம் ஐஸ் லோடு இருந்தது. எனக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வண்டி நின்றது.