அறுபது புங்கங்கன்று

யுத்த காலத்தில் ஓர் ஐப்பசி. புதுக்கோட்டையில் எங்கள் தெருவை ஒட்டிய பார்க்கில் ஊரே கூடி மரம் நட வேண்டும் என்ற யோசனை என்னுடையதுதான். அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். யார் சொன்னாலும் கேட்காத வயது. வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தேன். வந்தவர்களுக்குள் மண்வெட்டிக்குச் சண்டையே நடந்தது. வெயில் ஏறுவதற்குள் அறுபது புங்கங்கன்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்றி, பானகமும் குடித்துவிட்டோம்.

கலைவதற்கு முன் பார்க்கை மேற்பார்க்கும் அதிகாரி பேசினார். பேச்சு உற்சாகத்தில் தோட்டக்காரரைக் கைகாட்டி, "இதுல ஒரு கன்னு பட்டாலும் இவன் வேலையில இருக்கமாட்டான்" என்றார். தோட்டக்காரர் என்னைவிட இருபது வயது மூத்தவர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை கூசுகிறது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையிலேயே பார்க் கிணறு வற்றியது. ஊருணித் தண்ணீர் குடிக்க மட்டும் என்று காவல் போட்டுவிட்டார்கள். தினம் ஒரு செம்பு தண்ணீராவது கொடுங்கள் என்று நட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் மறுபடி நடந்தேன்.

"அதான் நட்டுக் குடுத்துட்டோம்ல, வாத்தியாரய்யா" என்றார் ஒருவர்.

அடுத்த வீட்டில், "எங்களுக்கே குளிக்கத் தண்ணி இல்லீங்க" என்றார்கள். அது பொய்யும் இல்லை. என் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரை நானும் தோட்டக்காரரும் சுமந்து ஊற்றிப் பார்த்தோம். தை பிறப்பதற்குள் ஒன்று விடாமல் எல்லாம் பட்டுப்போயின.

பொங்கல் கழிந்து அதிகாரி பார்வையிட வரப்போகிறார் என்று தெரிந்தது. அவர் வரும் நாளன்று காலையில் அவருக்கு முன்னால் ஓடினேன். அறுபது குழியிலும் பச்சை! கிட்டப்போய்ப் பார்த்தால் வேப்பங்கிளைகள். தோட்டக்காரர் ஒடித்து வந்து ஊன்றியிருந்தார்.

"சொல்லிப்புடாதீங்கய்யா. வேலை போச்சுன்னா நாலு புள்ளைகள வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போவேன்?"

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன்" என்றேன். ஆனால் அதிகாரிக்குக் கண் இருக்கிறதே!

அவருக்குப் புங்கனும் தெரியவில்லை, வேம்பும் தெரியவில்லை. குனியாமல், பாதையை விட்டு இறங்காமல் நடந்தார். "பேஷ்! ஒண்ணுகூடப் படலையே!" என்று என் தோளைத் தட்டினார். "வர்ற வருஷம் இருநூறு வைப்போம். ஆள் சேர்க்கிறது உங்க பொறுப்பு. காவல் இவன். அதே கண்டிஷன்தான்."

உண்மையைச் சொன்னால் தோட்டக்காரருக்கு அன்றைக்கே வேலை போகும்; சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் போகும். நல்லது செய்யக் கிளம்பிய எனக்கு வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"சரிங்க" என்றேன்.

அவர் வண்டி போன பிறகு தோட்டக்காரர் அண்ணாந்து பார்த்தார். பார்க்கில் நிழல் தந்த ஒரே மரம், அவர் கிளை ஒடித்த வேம்பு, பாதி மொட்டையாக நின்றது.

"இருநூறுக்கு இது பத்தாதுங்களே, வாத்தியாரய்யா" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.